கடைசிச் சில மில்லிகிராம்: மார்க் ஹோரோவிட்ஸின் மாத்திரை ஆண்டுகள்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்களின் அனுபவங்கள் இன்று ஏராளமாகப் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஆஸ்திரேலியரான மார்க் ஹோரோவிட்ஸின் அனுபவத்தை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம், நோயாளி, மருத்துவர், ஆராய்ச்சியாளர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக அமைந்த நிகழ்வு அது என்பதே. தன் உடம்பில் நடந்ததைத் துயரக்கதையாகச் சொல்லி முடித்துவிடாமல், அதற்கு ஒரு மருந்தியல் கணக்கு இருக்கிறதா என்று தேடி எழுதியவர் அவர். அவருடைய சொந்த வாழ்வைப் பற்றி இங்கே சொல்லப்படுவன அனைத்தும் அவரே பேட்டிகளிலும் உரைகளிலும் வெளிப்படையாகக் கூறியவை.

ஹோரோவிட்ஸ் சிட்னியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 21 வயதில், அவருக்கு முதன்முதலாக மனச்சோர்வு எதிர்ப்பு மருந்து எழுதித் தரப்பட்டது. படுக்கையை விட்டு எழ முடியாத கொடிய நோயாக அவர் அதை விவரிப்பதில்லை. மகிழ்ச்சியற்ற, கவலை மிகுந்த ஒரு மாணவனாகத் தான் இருந்ததாகவே சொல்கிறார். தொடங்கிய மருந்து சுமார் 15 ஆண்டுகள் தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் அவர் மருத்துவரானார், மனநல மருத்துவப் பயிற்சிக்குள் நுழைந்தார், பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். ஆய்வின் பொருள், மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் மூளையின் நரம்பணுக்களில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பது. பகலில் ஆய்வுக்கூடத்தில் எந்த வகை மருந்தைப் பற்றி ஆராய்ந்தாரோ அதே வகை மருந்தைத்தான் தானும் விழுங்கிக்கொண்டிருந்தார். அது எஸ்சிட்டலோபிராம், நரம்பணுக்கள் வெளியிடும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை அவையே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளாதபடி தடுக்கும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் மனநல மருத்துவர்களும் அன்றாடம் எழுதித் தருவது.

சோர்வும், நினைவு, கவனம் ஆகியவற்றில் தோன்றிய தடுமாற்றமும் இந்த மருந்தால்தான் இருக்குமோ என்ற ஐயம் காலப்போக்கில் அவருக்கு வந்தது. மருந்து நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகளைப் பற்றிய கட்டுரைகளையும் அக்காலத்தில் அவர் படித்திருந்தார். ஆகவே, ஆய்வுப் பட்டம் முடிந்த 2015 வாக்கில், ஒரே நாளில் நிறுத்திவிடாமல், சில மாதங்கள் எடுத்துக்கொண்டு படிப்படியாகவே அளவைக் குறைத்தார். அன்றைய வழிகாட்டல்கள் பரிந்துரைத்த சில வாரங்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் நிதானமான வேகம். எந்த மருத்துவரும் அதில் அவசரம் இருந்ததாகக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

அதற்குப் பின் நடந்ததை அவர் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். காலையில் கண் விழிக்கும்போதே, ஒரு கொடிய விலங்கு துரத்தி வருவது போன்ற பயம் உடலெங்கும் நிறைந்திருக்கும். அது சில நிமிடங்களில் அடங்கும் படபடப்பன்று. பகலின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மாலையில்தான் சற்றுத் தணியும். தூக்கம் கெட்டது. ஓடினால் கொஞ்சம் தணிகிறது என்று கண்டு ஓடத் தொடங்கியவர், பாதத்தில் இரத்தம் வரும்வரை ஓடினார். வேலை செய்ய இயலாத நிலையில் லண்டனை விட்டுப் பெற்றோரிடம் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினார். மருந்தை மறுபடி தொடங்கிய பிறகே நிலைமை மெல்லச் சீரடைந்தது. மருந்து தொடங்கக் காரணமாக இருந்த இளமைக்கால மனச்சோர்வு, இதன் அருகில் வைக்கத்தக்கது கூட அல்ல என்று அவர் அழுத்திச் சொல்வது இந்நிகழ்வின் மையமான செய்தி.

இங்கேதான் கேள்வி எழுகிறது. நிறுத்தியபின் வந்தது பழைய நோயா, மருந்து விலகியதால் வந்த உபாதையா? இரண்டிலும் பதற்றம் உண்டு, தூக்கமின்மை உண்டு, அழுகை உண்டு. அறிகுறிப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த மருத்துவராலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளியின் குறிப்பேட்டில் ‘நோய் மீண்டது’ என்று எழுதுவது எளிது. அப்படி எழுதியதும் ஆயுள் முழுவதும் மருந்து தேவை என்ற முடிவும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

பிரித்தறிய மூன்று வழிகள் உள்ளன என்பது என் வாசிப்பு. முதலாவது காலம். எஸ்சிட்டலோபிராமின் இரத்த அளவு ஏறத்தாழ 30 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ஆகவே அளவு குறைந்த சில நாட்களிலேயே தோன்றும் தொல்லை மருந்து விலகலை நோக்கிக் கைகாட்டுகிறது. பழைய நோய் வழக்கமாகப் பல வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் மெல்ல வந்து சேரும். ஃபுளுவாக்ஸெட்டின் போன்று உடலில் வாரக்கணக்கில் தங்கும் மருந்துகளில் இந்தக் கணக்கு தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாவது புதுமை. முன்பு ஒருபோதும் இல்லாத தலைச்சுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் ‘சுளீர்’ என்று பாய்வது போன்ற உணர்வு, பயங்கரக் கனவுகள் ஆகியவை மனச்சோர்வின் இயல்பான அடையாளங்கள் அல்ல. மூன்றாவது, மருந்தைத் திரும்பத் தொடங்கினால் கிடைக்கும் பலன். மனச்சோர்வு தணிய மருந்துக்குச் சில வாரங்கள் பிடிக்கும்; விலகல் உபாதையோ பெரும்பாலும் சில நாட்களிலேயே குறைந்துவிடும். நீண்ட காலம் உட்கொண்ட சிலருக்கு இந்த மூன்றாவது அடையாளம் தெளிவாக அமைவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஹோரோவிட்ஸின் நிகழ்வில் வலுவான சான்றாக நிற்பது இரண்டாவதே: அந்தப் பயத்தின் தன்மையும் அளவும் அவருடைய பழைய நோய்க்கு முற்றிலும் அந்நியமாக இருந்தன.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பார்கள். மருந்துகளைப் பற்றியே பட்டம் பெற்றவர், தன் ஆசிரியர்களிடமோ பாடநூல்களிடமோ இதற்கு வழி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அங்கே பெரிதாக ஏதும் இருந்திருக்காது. மருந்தை விட முயன்று தோற்ற சாதாரண நோயாளிகள் தங்களுக்குள் பகிர்ந்து வைத்திருந்த குறிப்புகளைத்தான் அவர் படித்தார். மாத்திரையை அரத்தால் தேய்ப்பது, நுண்தராசில் நிறுப்பது, நீரில் கரைத்து ஊசிக்குழாயால் அளப்பது என்று அவர்கள் வீட்டுச் சமையலறைகளில் கண்டறிந்திருந்த முறைகளில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. அளவு குறையக் குறைய, அவர்கள் குறைக்கும் துண்டும் சிறியதாகிக்கொண்டே போனது. ஏன் அப்படி என்று அவர்களுக்குக் காரணம் தெரியாது. அப்படிச் செய்தால்தான் தாங்க முடிகிறது என்பது மட்டும் தெரியும்.

காரணம் ஏற்கெனவே அச்சில் இருந்தது, வேறொரு நோக்கத்துக்காக. 2004-இல் கனடாவின் டொராண்டோவில் ஜெஃப்ரி மேயர் குழுவினர், இம்மருந்துகளை உட்கொள்வோரின் மூளையைக் கதிரியக்கப் படமெடுத்து, எந்த அளவு மருந்து செரட்டோனின் உறிஞ்சும் வாயில்களில் எத்தனை விழுக்காட்டை அடைக்கிறது என்று அளந்திருந்தனர். வழக்கமான மிகக் குறைந்த சிகிச்சை அளவிலேயே ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபட்டுவிடுகிறது. அதற்கு மேல் அளவை இரண்டு மடங்காக்கினாலும் மூன்று மடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது சில விழுக்காடுகள்தாம். உப்பில்லாத குழம்பில் விழும் முதல் சிட்டிகை சுவையையே மாற்றிவிடுகிறது. ஏற்கெனவே உப்புப் போதுமான அளவு இருக்கும் குழம்பில் இன்னொரு சிட்டிகை விழுந்தால் நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. மருந்தைக் குறைப்பது இதே கணக்கைத் தலைகீழாகப் போடுவது.

எஸ்சிட்டலோபிராமின் நெருங்கிய உறவான சிட்டலோபிராம் என்ற மருந்தை எடுத்துக்கொண்டால் எண்கள் இவ்வாறு வரும். 40 மில்லிகிராமிலிருந்து 20-க்கு இறங்கும்போது அடைப்பு ஏறத்தாழ 86 விழுக்காட்டிலிருந்து 80-க்குத்தான் குறைகிறது. 9 மில்லிகிராமில் 70 விழுக்காடு, 5 மில்லிகிராமை ஒட்டி 60, 3.4 மில்லிகிராமில் 50. அதற்குக் கீழே 1.5 மில்லிகிராமில் கூட 30 விழுக்காடு மிச்சமிருக்கிறது; 10 விழுக்காட்டை எட்ட 0.4 மில்லிகிராமுக்கும் கீழே போக வேண்டும். இருபதைப் பத்தாக்கி, பத்தை ஐந்தாக்கி, ஐந்திலிருந்து பூச்சியத்துக்குத் தாவும் நோயாளி, முதல் இரண்டு படிகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை இழந்து, மூன்றாவது படியில் ஒரே நாளில் 60 விழுக்காட்டை இழக்கிறார். முதல் இரண்டு படிகளும் சுலபமாக இருந்ததால் மருத்துவரும் நோயாளியும் நம்பிக்கையோடு மூன்றாவதில் கால் வைக்கிறார்கள். அங்கே படி இல்லை.

ஹோரோவிட்ஸும், லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் மருந்தியல் தலைவரும் உலகெங்கும் மனநல மருத்துவர்கள் புரட்டும் மருந்துக் கையேட்டின் ஆசிரியருமான டேவிட் டெய்லரும் சேர்ந்து இந்தக் கணக்கை 2019-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியிட்டனர். சம அளவான மில்லிகிராம்களில் குறைக்காமல், சம அளவான அடைப்பு விழுக்காடுகளில் குறைக்க வேண்டும், அதற்கு வாரங்கள் போதாமல் மாதங்களும் சிலருக்கு ஆண்டுகளும் ஆகலாம் என்பது அவர்களது வாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்வது என்ற பழைய வழக்கத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. 30 மணி நேரத்தில் பாதியாகும் மருந்தை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கொண்டால் மூளை ஒவ்வொரு இரண்டு நாளிலும் ஒரு சிறு விலகலையும் ஒரு சிறு நிரப்பலையும் சந்திக்கிறது. குறைப்பது என்ற பெயரில் ஊஞ்சலாட்டம் நடக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பா என்றால், உபாதையைப் பொறுத்தவரை இல்லை. மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளில் முதன்மையான இமிப்ரமின் புழக்கத்துக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், 1959-இலேயே, அதை நிறுத்தும்போது வரும் தொல்லைகள் கனடிய மருத்துவ இதழில் பதிவாகிவிட்டன. 1996 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் எலி லில்லி மருந்து நிறுவனத்தின் செலவில் கூடிய வல்லுநர் குழு இத்தொல்லைகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் போதைப்பொருளை நினைவூட்டும் ‘விலகல்’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு ‘நிறுத்தல் அறிகுறித் தொகுப்பு’ என்ற சாதுவான பெயரை நிலைநிறுத்தியது. அந்நிறுவனத்தின் ஃபுளுவாக்ஸெட்டின் உடலில் நீண்ட நாள் தங்குவதால் போட்டி மருந்துகளை விட இத்தொல்லை அதற்குக் குறைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் உண்மை வெளிவரும்போது அது யாருக்கு லாபம் என்பதும் கூடவே வெளிவருகிறது. பிரிட்டனின் தேசிய வழிகாட்டல் அமைப்பு 2009-இல், இவ்வறிகுறிகள் பொதுவாக மிதமானவை, ஒரு வாரத்தில் தாமாக அடங்குபவை என்று எழுதியது. அந்த ஒரு வாரம் என்ற சொல் பல நோயாளிகளுக்குத் தண்டனையாக அமைந்தது: இரண்டாம் வாரமும் தொல்லை நீடித்தால், அது விலகலாக இருக்க முடியாது, நோய்தான் என்று வழிகாட்டலே சொல்லிவிட்டதாகப் பொருள்பட்டது.

2019 மே மாதம் பிரிட்டனின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய வழிகாட்டலின் வாசகமும் திருத்தப்பட்டது. 2022 ஜூனில் வந்த முழுமையான புதிய வழிகாட்டல், முந்தைய அளவின் விகிதமாகக் குறைப்பதையும், சிறிய அளவுகளுக்குத் திரவ வடிவ மருந்தைக் கருதுவதையும் பரிந்துரைக்கிறது. நெதர்லாந்தில் பீட்டர் குரூட், யிம் வான் ஓஸ் ஆகியோரின் முயற்சியால் நாளுக்கு ஒரு பொட்டலமாகச் சிறிது சிறிதாக இறங்கும் மாத்திரைப் பட்டைகள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தன.

இவ்வளவையும் ஒரு தனி மனிதனின் அனுபவத்தை நம்பி ஏற்றுக்கொள்ளலாமா? இந்நிகழ்வின் பலவீனங்களை மறைக்காமல் சொல்வதுதான் முறை. விவரம் முழுவதும் அவர் நினைவிலிருந்து சொன்னது. எது மருந்து, எது மருந்தில்லாத போலி மாத்திரை என்று தெரியாதபடி நடத்தப்பட்ட சோதனை அன்று. மருந்து நின்றுவிட்டது என்ற எதிர்பார்ப்பே பயத்தைக் கூட்டும் என்பதும் அறியப்பட்ட ஒன்று. மருந்தைக் குறைக்க உதவும் அவுட்ரோ ஹெல்த் என்ற நிறுவனத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று 2022-இல் ஜோவன்னா மான்கிரீஃப் தலைமையில் வெளியாகிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. அக்கட்டுரையை மறுத்தவர்கள் இவருடைய மற்ற வாதங்களையும் அதே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது வேறு, வேலை செய்கிறதா என்பது வேறு, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது வேறு. இந்த மூன்றையும் ஒரே சண்டையாக்கிவிட்டதில் இரு தரப்புக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்பதிலும் எண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2019-இல் ஜேம்ஸ் டேவிஸும் ஜான் ரீடும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, நிறுத்துவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொல்லை என்றனர். 2024-இல் ஜெர்மனியின் ஹென்ஸ்லர் குழுவினர் 79 ஆய்வுகளையும் 21,000 பேரையும் கணக்கிலெடுத்து, மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் அறிகுறிகள் இருந்ததாகக் காட்டினர். அதாவது மருந்தால் மட்டும் நேர்வது ஆறு அல்லது ஏழு பேரில் ஒருவருக்கு. கடுமையானது சுமார் 3 விழுக்காட்டினருக்கு. முந்தைய கணக்கில் மிகை இருந்தது என்பதை இது நன்றாகவே காட்டுகிறது. ஆயினும் அதில் சேர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வாரங்களும் மாதங்களும் மட்டுமே மருந்து உட்கொண்டவர்களைப் பற்றியவை. 15 ஆண்டுகள் உட்கொண்ட ஒருவருக்கு என்ன நேரும் என்று அந்தச் சராசரியைப் பார்த்துச் சொல்வது, கணுக்கால் நீரில் நின்றவர்களை எண்ணி ஆற்றின் ஆழத்தைச் சொல்வது போன்றது. இங்கிலாந்தில் மட்டும் 2018 மார்ச் நிலவரப்படி 9,30,000 பேர் குறைந்தது மூன்று ஆண்டுகளாக இடைவிடாமல் இம்மருந்துகளைப் பெற்று வந்தனர். அவர்களைப் பற்றிய கேள்விதான் இது.

நீண்ட காலம் உட்கொண்டவர்களை நேரடியாகச் சோதித்தது, 2021-இல் வெளியான ‘ஆன்ட்லர்’ ஆய்வு. இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களிடம் மருந்து வாங்கிவந்த, உடல்நிலை நன்றாக இருந்த, நிறுத்திப் பார்க்கத் தயாராக இருந்த 478 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டுக்குள் நோய் மறுபடி வந்தவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காடு, நிறுத்தியவர்களில் 56 விழுக்காடு. தொடர்வது பாதுகாப்புத் தருகிறது என்பதற்கு இது தெளிவான சான்று. ஹோரோவிட்ஸின் கதையைக் கேட்டுவிட்டு மாத்திரை அட்டையைக் குப்பையில் போட நினைக்கும் எவரும் முதலில் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வில் நிறுத்திய விதத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான மருந்துகளுக்கு முதல் மாதம் பாதி அளவு, இரண்டாம் மாதம் அதே பாதி ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் பூச்சியம். ஹோரோவிட்ஸ் கடைசிப் படியில் விழுந்தது போலவே அவர்களும் விழ வைக்கப்பட்டார்களா, அந்த 56 விழுக்காட்டில் எத்தனை பேர் உண்மையில் விலகல் உபாதையில் இருந்தார்கள் என்பதை அந்த வடிவமைப்பிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. இரு கணக்குகளையும் மறுக்காமல் ஒன்றைச் சொல்லலாம்: நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு, அவ்வளவு வேகமாக நிறுத்தியும், நோய் மறுபடி வரவில்லை. அவர்கள் யார் என்று முன்கூட்டியே காட்டும் சோதனை எதுவும் இன்றைய மருத்துவத்திடம் இல்லை.

பலமுறை மனச்சோர்வு வந்து மீண்டவர்களுக்கும், தற்கொலை எண்ணம் வரை சென்று திரும்பியவர்களுக்கும், மருந்தைத் தொடர்வதே பல வேளைகளில் சரியான முடிவு. ஹோரோவிட்ஸின் நிகழ்வு அவர்களுக்கான வாதம் அன்று. லேசான நோய்க்குத் தொடங்கி, நிறுத்துவதைப் பற்றிய பேச்சே எழாமல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டவர்களின் நிகழ்வு இது. தொடங்கும் நாளில் அவரிடம் யாரும் எப்போது நிறுத்துவது என்று பேசவில்லை. நிறுத்திய நாளில் அவருக்குக் கைகொடுக்கும் அறிவு அவருடைய துறையிடமே இல்லை. மறுபடி மருந்தைத் தொடங்கியவர், பின்னர் மிகச் சிறிய படிகளில் குறைக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தும் குறைத்துக்கொண்டுதான் இருந்தார். 2024-இல் அவரும் டெய்லரும் சேர்ந்து, மனநல மருந்துகளைக் குறைப்பதற்கென்றே மாட்ஸ்லி பெயரில் ஒரு தனிக் கையேட்டை வெளியிட்டனர். எழுதித் தருவதற்கு ஒரு கையேடு இருந்த இடத்தில் இப்போது எடுத்துவிடுவதற்கும் ஒன்று இருக்கிறது.

அந்தக் கையேட்டின் அட்டவணைகளை நம்மூர் மருந்துக் கடைக்குக் கொண்டுவந்தால் ஒரு நடைமுறைச் சிக்கல் உடனே தெரியும். எஸ்சிட்டலோபிராம் மாத்திரை இங்கே 5, 10, 20 மில்லிகிராம்களில் கிடைக்கிறது. மிகச் சிறியதை இரண்டாக உடைத்தால் 2.5. எஸ்சிட்டலோபிராமின் வீரியம் சிட்டலோபிராமைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், மேலே சொன்ன கணக்கின்படி அந்த அரை மாத்திரையே இன்னும் பாதிக்கு மேற்பட்ட வாயில்களை அடைத்து வைத்திருக்கும் அளவு. நோயாளி ‘இனி அரை மாத்திரைதானே, நாளையோடு விட்டுவிடுகிறேன்’ என்று சொல்வதும், மருத்துவர் தலையசைப்பதும் அந்த இடத்தில்தான்.